அத்தா தம் கையாலேயே செய்யட்டும்



எங்கள் அத்தாவின் வலக்கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று உரசத் தொடங்கியபோது, அவர் தஸ்பீஹ் மணியில்லாமலே திக்ரு செய்கிறார் என்று உறவினர் சிலர் எண்ணிக்கொண்டனர். மாத்திரையை உருட்டுவது போன்ற அந்த அசைவு கை ஓய்ந்திருக்கும்போது தோன்றும். கை வேலையில் இறங்கியதும் குறையும். நடுக்குவாதம் என்று தமிழில் வழங்கும் பார்க்கின்சன் நோயின் அடையாளங்களுள் அதுவும் ஒன்று. 1817-இல் இந்நோயைப் பற்றிச் சிறுநூல் எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. மூளையில் டோபமைனைச் சுரக்கும் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால் உடலின் அசைவுகள் மந்தமாகின்றன, தசைகள் விறைக்கின்றன. பிறர் கண்ணுக்கு நடுக்கமே தெரியும். ஆனால் அன்றாட வாழ்வைப் பெரிதும் குலைப்பது அந்த மந்தம்தான். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த முஹம்மது அலீக்கு 1984-இல் இந்நோய் கண்டறியப்பட்டது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை அவர் நடுங்கும் கையால் ஏற்றியதை அத்தா தொலைக்காட்சியில் கண்டிருக்கிறார்.

நாங்கள் விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில், மண்டகப்பட்டுக்கு அருகில் வசிக்கிறோம். அத்தா ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். நரம்பியல் மருத்துவர் லெவோடோபா மாத்திரைகளை எழுதிக் கொடுத்ததோடு, 'ஆக்குபேஷனல் தெரபி' பிரிவுக்கும் ஒரு சீட்டு எழுதினார். தொழில்வழிச் சிகிச்சை என்று அதை மொழிபெயர்க்கிறார்கள். "பென்ஷன் வாங்குகிறவனுக்கு இனி என்ன தொழில்?" என்று பெரியத்தா சிரித்தார். பெயர்தான் குழப்புகிறது. குளித்தல், உடுத்தல், உண்ணல், எழுதுதல், தொழுதல் என ஒரு மனிதரின் நாளை நிரப்பும் எல்லாச் செயல்களுமே இங்கே தொழில்தான். இயன்முறை மருத்துவர் தசைக்கும் மூட்டுக்கும் பயிற்சி தருகிறார். இவரோ அந்தச் செயலையும், அது நடக்கும் இடத்தையும், அதற்குரிய நேரத்தையும் நோயாளிக்கு ஏற்றவாறு மாற்றியமைக்கிறார். இந்தியாவில் இக்கல்விக்கு வித்திட்டவர் அமெரிக்காவில் பிறந்து மராட்டியக் குடும்பத்தில் மருமகளாக வந்த கமலா நிம்ப்கர். 1950-இல் மும்பையில் முதல் பயிற்சிப் பள்ளி அவர் முயற்சியால் தொடங்கியது.

சிகிச்சையாளரான சகோதரி முதலில் கேட்ட கேள்வி எங்களுக்கு வியப்பளித்தது. கை எவ்வளவு நடுங்குகிறது என்று அவர் கேட்கவில்லை. "ஐயா, எந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" என்றுதான் கேட்டார். அத்தா வெகுநேரம் பேசாமல் இருந்தார். முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போவதும் இந்நோயின் இயல்பு என்பதால், அவர் யோசிக்கிறாரா வருந்துகிறாரா என்று எங்களால் அறிய முடியவில்லை. பிறகு மூன்றைச் சொன்னார்: உளூ, கையெழுத்து, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குள் பிறர் கையைப் பிடிக்காமல் நடந்து செல்லுதல்.

அக்காவுக்கு இதில் உடன்பாடில்லை. பெற்றோருக்குப் பணிவிடை செய்வது நமக்குக் கடமை மட்டுமன்று, பாக்கியமும்கூட. மூன்று பிள்ளைகள் அருகில் இருக்க, எழுபதைக் கடந்த தந்தை சட்டைப் பித்தானோடு பத்து நிமிடம் போராடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அதபாகுமா என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. சிகிச்சையாளரும் அதை மறுக்கவில்லை. பிறர் செய்து கொடுக்கும் செயலை நோயாளி விரைவில் இழந்துவிடுகிறார் என்று மட்டும் சொல்லி, பத்து நிமிடத்தை மூன்று நிமிடமாக்கும் வழியைக் காட்டினார். பித்தான்களைச் சட்டையின் மேற்புறத்தில் அலங்காரமாகத் தைத்துவிட்டு, உள்ளே ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டையை வைக்கச் சொன்னார். கைலியின் இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தாயிற்று. தைத்தவர் அக்காதான்.

உளூவுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. ஈரத் தரையில் குனிந்து ஒற்றைக் காலில் நின்று பாதம் கழுவுவது இந்நோயாளிக்குப் பெரும் ஆபத்து. கைப்பிடியுள்ள கனமான நாற்காலி ஒன்று குழாயடியில் நிலையாக இடம்பிடித்தது. பாதத்தைத் தூக்கி வைக்க ஒரு தாழ்ந்த முக்காலி, வழுக்காத ரப்பர் விரிப்பு, திருகு குழாய்க்குப் பதிலாக முழங்கையாலும் தள்ளித் திறக்கக்கூடிய நீண்ட கைப்பிடிக் குழாய், சுவரில் துளையிட்டுப் பொருத்திய பிடிகம்பி ஆகியன சேர்ந்தன. துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழக் கூடாது, அது பெயர்ந்து வந்துவிடும் என்று எச்சரித்தார்கள். மாத்திரை வேலை செய்யும் நேரம், அதன் வீரியம் இறங்கிய நேரம் என்று நாள் இரண்டாகப் பிரிகிறது. குளியலை முதல் வகை நேரத்தில் வைத்துக்கொள்கிறோம்.

தொழுகையில் ஸஜ்தாவிலிருந்து எழுவது கடினமாயிற்று. சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவதும் இந்நோயில் உண்டு. நின்று தொழ இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு வழிகாட்டியதை நாம் அறிவோம். ஆகவே எங்கள் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டு, உடல் இடம் கொடுக்கும் வேளையில் நின்றும், இல்லாதபோது நாற்காலியில் அமர்ந்தும் அத்தா தொழுகிறார்.

நடையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வாசற்படியிலும் குறுகிய இடத்திலும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் அவர் நின்றுவிடுவார். அந்நேரம் கையைப் பிடித்து இழுத்தால் உடல் முன்னே சாயுமே தவிரக் கால் நகராது. நின்று, மூச்சுவிட்டு, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி, பிறகு பெரிய அடியாக எடுத்து வைக்க வேண்டும். மனதுக்குள் ஒரு தாளம் இருந்தால் நல்லது என்றார் சிகிச்சையாளர். சிலர் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். அத்தா ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லிக்கொள்கிறார். நடக்கும்போது அவரிடம் பேச்சுக் கொடுக்கவோ கையில் தேநீர்க் குவளையைத் தரவோ கூடாது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கும் பழக்கியிருக்கிறோம்.

தரையில் குறுக்கே போட்ட கோடுகள் உறைந்த காலை விடுவிக்கும். பிரிட்டன் நரம்பியல் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967-இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தானாக நடக்கும் பழக்கத்தை மூளை இழந்தாலும், கண்முன் ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டும் வேலையை வேறு வழியில் செய்துவிடுகிறது. செஞ்சியில் நாங்கள் ஜும்ஆவுக்குச் செல்லும் பள்ளிவாசலின் வாசலில் அத்தா நின்றுவிடுவார். உள்ளே கால் வைத்துவிட்டால், ஸஃப்புக்காக விரிப்பில் வரிசையாக இட்ட கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக் கிப்லாவை நோக்கி நடந்துவிடுவார். காரணம் புரிந்த பிறகு வீட்டுக் குளியலறை வாசலிலும் மஞ்சள் நிற ஒட்டுநாடாவைக் குறுக்கே ஒட்டினோம்.

கையெழுத்துதான் இன்னும் முழுதாக வசப்படவில்லை. எழுதத் தொடங்கும் எழுத்து பெரிதாக இருக்கும். வரி முடிவதற்குள் எறும்பாகிவிடும். வங்கியில் ஒருமுறை கையொப்பம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அகன்ற கோடிட்ட நோட்டில், தடித்த பேனாவால், கோட்டைத் தொடுமளவு பெரிதாக எழுதும் பயிற்சி நடக்கிறது. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கு ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துச் சென்றவர் அல்லவா! தான் தவிர்த்த பொருள்கள் என்று மன்னன் அங்குக் கல்லில் பொறித்த நான்கையே நாள்தோறும் எழுதுகிறார்: செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து.

இச்சிகிச்சையால் நோய் நிற்காது. அப்படி யாரும் எங்களிடம் சொல்லவுமில்லை. நெதர்லாந்தில் 191 நோயாளிகளை வைத்து நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், பத்து வாரம் வீட்டுக்கே சென்று அளித்த பயிற்சியால், தாம் தேர்ந்த செயல்களை மேலும் நன்றாகச் செய்ய முடிவதாக நோயாளிகள் உணர்ந்தனர். பிரிட்டனில் 762 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வோ, நோய் கடுமையாகாதவர்களுக்குச் சில அமர்வுகள் மட்டும் அளித்ததில் பெரிய பயனைக் காணவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, எந்தச் செயல் தடைப்படுகிறதோ அதைக் குறிவைத்து, அது நடக்கும் இடத்திலேயே பயிற்றுவித்தால்தான் பயன் கிட்டும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ரமலான் குறித்துப் பலர் கேட்கிறார்கள். நேரம் தவறாமல் பலமுறை உண்ண வேண்டிய மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரையும் ஆலிமையும் முன்கூட்டியே கேட்டு அத்தா ஃபித்யா கொடுக்கிறார். இறைச்சி, பருப்பு போன்ற புரத உணவோடு லெவோடோபா சேர்ந்தால் சிலருக்கு அதன் வேலை குறைவதால், பொதுவாக உணவுக்கு அரைமணி நேரம் முன்பே கொடுக்கச் சொல்கிறார்கள்.

இத்துறையில் பயின்றவர்கள் நம் மாவட்டங்களில் குறைவு. பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உடலியல் மறுவாழ்வுத் துறையைக் கேட்டுச் செல்லுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் இப்பிரிவு நெடுங்காலமாக இயங்குகிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சனையும் பட்டியலில் சேர்த்திருப்பதால் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம். சிகிச்சையாளரைப் பார்க்கப் போகும்முன் கட்டிலின் உயரம், கழிவறை வாசலின் அகலம், படிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உளூ செய்யும் இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துச் செல்லுங்கள். கேள்விக்கான பதிலை மட்டும் நோயாளியே சொல்லட்டும், எவ்வளவு நேரமானாலும்.