தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறவர்கள்

'உபத்திரவம்' என்ற சொல் எங்கள் ஜெபக்கூட்டங்களில் ரொம்ப மலிவாகிவிட்டது.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அன்றைக்கு மாவிளக்கு போடாத வீடு குறைவு. ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா ஆசையாக மாவு கொண்டுவந்தார். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வேண்டாம் என்றதோடு நிறுத்தவில்லை. "இது பேய்க்குப் படைச்சது, நீங்க மொதல்ல மனந்திரும்புங்க" என்று வாசலிலேயே பிரசங்கம். அக்கா பேச்சை நிறுத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நம்மாள் எழுந்து சாட்சி சொன்னார்: "கர்த்தருக்காக உபத்திரவப்படுறேன்." எல்லோரும் அல்லேலூயா என்றார்கள்.

2008 ஆகஸ்டில் ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்களின் வீடுகளையும் ஆலயங்களையும் கொளுத்தினார்கள். பலர் கொல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் ஓடி, பிறகு நிவாரண முகாம்களில் கிடந்தார்கள். அதற்குப் பெயர் உபத்திரவம். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கும் அதே பெயரா? மலைப்பிரசங்கத்தில் இயேசு பாக்கியவான்கள் என்றது நீதிக்காகத் துன்பப்படுகிறவர்களை. வாய்த்துடுக்கால் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்களை அல்ல.

நிஜமாகவே துன்பப்பட்டவர்களுக்கும் சுயநீதி வரும். பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. வீரமாமுனிவர் (1680–1747) அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோவில் எழுப்பி, ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்தார். மதத்துக்காகச் சாவின் விளிம்புவரை போய் மீண்டவர் அவர். அதே மனிதர்தான் தரங்கம்பாடி லுத்தரன்களைச் சாடி 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்' என்று புத்தகங்கள் எழுதினார். அவர்களும் சிலுவையைக் கும்பிட வந்தவர்கள்தான். அடிபட்டவர் என்பதாலேயே ஒருவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடுவதில்லை.

இதற்கான மருந்தையும் அவரே எழுதி வைத்திருக்கிறார் என்பதுதான் வேடிக்கை. அவருடைய பரமார்த்த குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறித் தலை எண்ணுவார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான். கணக்கில் ஒரு ஆள் குறையும். ஆறு விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி வைப்பார்கள். சின்ன வயதில் சிரிப்பதற்காகப் படித்த கதை. சுயநீதியின் கணக்கும் அதேதான். ஊரார் பாவத்தை ஒவ்வொன்றாக எண்ணும். தன்னுடையதை மட்டும் விட்டுவிடும். கணக்கு உதைத்தால் பழி ஆற்றின் மேல்.

சாட்சி சொல்ல எழுகிறவர்கள் முதலில் தங்கள் தலையைத் தொட்டு 'ஒண்ணு' என்று ஆரம்பிக்கலாம்.