தாத்தாவின் லாரி மீண்டும் பேசியது

தாமிரபரணியும் சிற்றாறும் ஒன்று கலக்குமிடத்தில் இருக்கிறது எங்கள் ஊர் சீவலப்பேரி. முக்கூடற்பள்ளில் வரும் முக்கூடல் எங்கள் ஊர்தான் என்று தமிழம்மா வகுப்பில் சொன்ன அன்று, எங்கள் இருவரில் இளையவள் வீட்டுக்கு வந்து அதையே பத்துத் தடவை சொல்லியிருப்பாள். ஆறுகள் கூடும் ஊரில் பிறப்பது பெருமைதான். அவை ஒரே இரவில் கரை புரண்டால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கண்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோனதும் தோழியர் அறிந்தவையே. நாங்கள் சொல்ல வந்தது எங்கள் வீட்டு லாரியைப் பற்றி.

அது 1210 என்ற டாட்டா வண்டி. 1986-ல் தாத்தா வாங்கியது. 12 என்றால் மொத்த எடை 12 டன், 10 என்றால் நூறு குதிரைத்திறன் என்று எங்களுக்குச் சிறு வயதிலேயே வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுத்தவர் தாத்தாதான். அவர் கிளீனராக வேலை பழகிய வண்டி அதற்கும் முந்தையது. முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருக்குமாம். ஜெர்மனியின் பென்ஸ் கம்பெனியோடு டாட்டா 1954-ல் செய்துகொண்ட கூட்டு 1969-ல் முடிந்த பின்னரே நட்சத்திரம் போயிற்று என்பார். இப்போது அவரால் இவ்வளவு பேச முடியாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கை ஓய்ந்தது. நாவும் குழறிப் போயிற்று. அவர் பேச்சு வெளியாருக்கு விளங்காது. அப்பாவுக்கே பாதிதான் விளங்கும். எங்கள் இருவருக்கு மட்டும் ஏறக்குறைய முழுவதும் விளங்கும்.

வெள்ளத்தன்று தாத்தாவைக் கட்டிலோடு தூக்கி அடுத்த வீட்டு மச்சில் ஏற்றினோம். லாரியை யார் தூக்குவது? மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது ஸ்டியரிங் வரை சேறு. நெல், வைக்கோல், வாழைத்தார் என்று அதில் வரும் வாடகையில்தான் எங்கள் வீடு நடக்கிறது. அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுச் சேற்றை அள்ளி முடிக்கவே பத்து நாளுக்கு மேலாயிற்று. பிறகு தெரிந்தவர் ஒருவரின் டிராக்டர் பேட்டரியை இரவல் வாங்கி வந்து லாரியில் மாட்டினார். சாவியைத் திருகப் போகும் நேரத்தில் திண்ணையிலிருந்து தாத்தா ஓலமிட்டார். வலி என்று நினைத்து அம்மா ஓடினாள். எங்களுக்கு அது வலியல்ல என்று தெரிந்தது.

"அப்பா, சாவியைத் தொடாதீங்க! உள்ளே தண்ணி இருக்கும், ராடு வளைஞ்சு போகும்னு சொல்லுதாங்க."

அப்பா சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கீழே இறங்கினார்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவருக்கு அப்பா போன் செய்தார். அவர் பட்டறையிலும் தண்ணீர் புகுந்திருந்தது. வாசலில் இருபது வண்டி காத்துக் கிடக்கிறதாம். "அண்ணாச்சி, என்னால இப்போ வர முடியாது. நான் சொல்லுதத மட்டும் செய்யுங்க. முதல்ல நல்ல வேளை, சாவியத் திருகாம விட்டீங்க" என்றார். தாத்தாவிடம் சொன்னோம். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே காட்டவில்லை.

தண்ணீர் எப்படி இரும்பை வளைக்கும் என்று எங்களுக்குப் புரியவில்லை. பள்ளி திறந்ததும் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டோம். அவர்கள் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றை எடுத்து, முனையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு எங்களை அழுத்தச் சொன்னார்கள். காற்று இருந்தபோது உள்ளே போயிற்று. தண்ணீரை நிரப்பிவிட்டு அழுத்தினால் இம்மியும் அசையவில்லை. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்காக நெருக்கும்போது 500 டிகிரிக்கும் மேல் சூடேறி, அதில் தெளிக்கும் டீசல் தானே பற்றுகிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் இதை ஓட்டிக் காட்டினாராம். காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் இருந்தால் நெருங்காது, மேலே வரும் பிஸ்டனுக்குப் போக்கிடமில்லை, வளைவது ராடுதான். அன்று மாலை அப்பாவிடம் சிரிஞ்சு வித்தையைச் செய்து காட்டினோம்.

இதற்குள் வேலை தொடங்கியிருந்தது. அடியில் ஆயில் நட்டைத் திறந்தபோது முதலில் தண்ணீரும் பின்பு பால் கலந்த காப்பி நிறத்தில் ஒரு குழம்பும் வந்தன. டீசல் டேங்கின் அடியிலும் தண்ணீர். டீசல் இலேசானதால் மேலே மிதக்கிறது. ஆறு நாசில்களையும் கழற்றினார் அப்பா. அவற்றைப் பழைய சாக்கில் வரிசையாக வைத்து, எது எந்தச் சிலிண்டருடையது என்று சுண்ணக்கட்டியால் எழுதியது எங்கள் வேலை.

எஞ்சின் சுற்றவில்லை. துரு பிடித்து இறுகிவிட்டது. இந்தக் கட்டத்தில்தான் யோசனைகள் வந்தன. பால்காரர் ஒன்று சொன்னார், பாலம் பக்கத்து டீக்கடையில் ஒன்று சொன்னார்கள். கியரைப் போட்டு டிராக்டரில் கட்டி இழுத்தால் தன்னால் சுற்றிவிடும் என்று ஒருவர் கயிற்றோடேயே வந்துவிட்டார்! அவர் வீட்டிலும் வெள்ளம் எல்லாவற்றையும் கொண்டு போயிருந்தது, கயிறு மிஞ்சியிருந்தது. அன்போடு வந்தவரைத் திருப்பி அனுப்ப அம்மா காப்பி கொடுக்க வேண்டியதாயிற்று. பழைய இரும்பு வியாபாரி மட்டும் யோசனை எதுவும் சொல்லவில்லை. வண்டியைச் சுற்றி வந்து கிலோக் கணக்கில் ஒரு விலை சொன்னார். அப்பா 'பார்ப்போம்' என்றார். அந்தச் சொல் அன்றிரவு எங்களைத் தூங்கவிடவில்லை.

மெக்கானிக் போனில் சொன்னது: "இழுக்காதீங்க. நாசில் ஓட்டை வழியா டீசலும் ஆயிலும் கலந்து ஊத்துங்க. அஞ்சு நாள் தொடாதீங்க." தாத்தா இடக்கையின் ஐந்து விரலையும் காட்டிவிட்டு, பிறகு இரண்டு விரலைச் சேர்த்தார். ஏழு நாள் விட்டோம். எட்டாம் நாள் கிராங்க் நட்டில் நீண்ட ஸ்பேனரைப் போட்டு, பலம் கொடுக்காமல் முன்னும் பின்னுமாக ஆட்டினார் அப்பா. விரற்கடை அசைந்தது. மறுநாள் சாண். அதற்கடுத்த நாள் முழுச் சுற்று. நாசில் ஓட்டைகளிலிருந்து கறுப்பு நீர் பீய்ச்சி எங்கள் பாவாடையெல்லாம் பாழாயின. அம்மா முதல் முறையாகத் திட்டவில்லை.

டீசல் பம்பும் நாசில்களும் திருநெல்வேலிக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பின. செல்ஃப் மோட்டாரை வெயிலில் காயவைத்தோம். ஆயில் இரண்டு முறை மாற்றியும் வெளுப்பு போகவில்லை. மூன்றாம் முறைக்கு அம்மாவின் சீட்டுப் பணம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் நேரில் வந்தார். எல்லாவற்றையும் பொருத்திய பின், "ஏ பிள்ளைகளா, நீங்கதான் ஏர் எடுக்கணும்" என்றார். டீசல் போகும் வழியில் காற்று இருந்தால் எஞ்சின் பிடிக்காது. ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை மாறி மாறி அழுத்தினோம். முதலில் சோப்பு நுரை போல வந்தது. பிறகு குமிழ் குமிழாக. பெருவிரல் வீங்கிப்போன நேரத்தில் கண்ணாடி போலத் தெளிந்த டீசல் வந்தது. திருகை முடுக்கினார். அப்பா சாவியைத் திருகினார். ஒன்றும் இல்லை. மறுபடி திருகினார். மூன்றாம் முறை ஒரு இருமல், தெருவை மறைக்கும் வெள்ளைப் புகை, பிறகு தடதடவென்று அந்தப் பழைய சத்தம்!

தெருவே கூடிவிட்டது. கயிற்றுக்காரர் கைதட்டினார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு காப்பி டம்ளரை வாங்கினார். அப்போது தாத்தா ஏதோ சொன்னார். மெக்கானிக் எங்களைப் பார்த்தார்.

"ஒண்ணு அடிக்கலையாம். ஆறுல அஞ்சுதான் பேசுதாம்."

மெக்கானிக் டம்ளரை வைத்துவிட்டு, ஓடும் எஞ்சினில் நாசில் குழாயின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். நல்ல சிலிண்டராக இருந்தால் தளர்த்தியதும் சத்தம் தாழும். ஒன்று, இரண்டு, மூன்று, தாழ்ந்தது. நாலாவதில் மாற்றமே இல்லை. அவர் திண்ணையை நோக்கிக் கும்பிட்டார்.

மறுநாள் புது நாசில் வந்தது. எஞ்சின் ஒரே சீராக ஓட, தாத்தாவைத் தூக்கி வண்டி அருகே நாற்காலியில் உட்கார வைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவழியாகத் தாத்தா கண்ணைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நாங்கள் குனிந்தோம். இடக்கையை நீட்டிப் பின்சக்கரத்தைக் காட்டினார்.

"டயரு மோசமா இருக்காம், அப்பா."