ஸ்ரீகாந்துக்கு என் ஓட்டு

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கும் பையன்களிடம் அதிரடி ஆட்டக்காரர் யார் என்று கேட்டால், ரோகித், சூர்யகுமார் என்பார்கள். தலை நரைத்தவர்கள் சேவாக். அத்திப்பள்ளி தாண்டி வரும் கன்னட நண்பர்களுக்கு கே.எல்.ராகுல் (ஊர்ப்பாசம், விட்டுவிடுவோம்).

நான் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் கட்சி. கிண்டியில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தவர் என்பதில் எங்கள் மெயின்டனன்ஸ் ஆட்களுக்குத் தனிப் பெருமை வேறு.

1983 ஜூன் 25, லார்ட்ஸ், வெஸ்ட் இண்டீஸுடன் உலகக் கோப்பை ஃபைனல். கவாஸ்கர் 2 ரன்னில் அவுட். எதிரே ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங். அந்தக் கும்பலிடம் தலை தப்பினால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவரோ ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி ராபர்ட்ஸை ஸ்கொயர் டிரைவ் அடிக்கிறார். பந்து போன வேகத்தை யூடியூபில் பாருங்கள். எடுத்தது 38தான். இன்றைக்கு ஐபிஎல்லில் பவர்பிளேக்குள் ஒரு பையன் அடித்துவிடுவான். ஆனால் அந்த மேட்சில் இரண்டு அணியிலும் அதுதான் அதிகபட்சம், ரிச்சர்ட்ஸே 33.

டெஸ்ட் சராசரி 30-ஐத் தொடவில்லை என்பதும் உண்மை. கண்ட பந்துக்கெல்லாம் மட்டையை நீட்டுவார், வீட்டில் அப்பா ரேடியோவைத் திட்டுவார்.

சேவாக் அதே துணிச்சலைப் பெரிய ஸ்கோராக்கியவர். 2008-ல் நம்ம சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 319. முச்சதத்துக்கு 278 பந்து. கணக்குப் பார்த்தால் அவர்தான் முதலிடம். ஆனால் ஓட்டு கணக்குப் பார்த்தா போடுகிறோம்? சேவாக் ரசிகர்கள் கமெண்டில் வரலாம், நைட் ஷிப்ட்தான், முழித்துத்தான் இருப்பேன்.