முதிய வயதில் சதுரங்கம்

கல்விக்கு வயதில்லை என்பர் பெரியோர். ஆயினும் சில கல்விகளுக்கு வயது உண்டு என்றே நம்மவர் எண்ணுகின்றனர். அறுபதை எட்டியவர் கணினி கற்றால் பாராட்டுவர், வேற்றுமொழி கற்றால் வியப்பர், விளையாட்டு ஒன்றைக் கற்கப் புகுந்தாலோ, "இந்த வயதில் இது எதற்கு?" என்று நகைப்பர். பணி ஓய்வுக்குப் பின் நாம் சதுரங்கம் கற்கத் தொடங்கியபோது இக்கேள்வியைப் பலர் வாயிலாகவும் கேட்டோம். விடை கூற நமக்குத் தயக்கம் இருந்ததில்லை. நாம் கற்கப் புகுந்தது நமக்காக அன்று, நம் பேரனுக்காக.

தமிழகத்தில் இன்று சதுரங்கத்திற்கு இருக்கும் மதிப்பை எல்லோரும் அறிவோம். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர் மானுவேல் ஆரோன். 1988இல் நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனவர் விசுவநாதன் ஆனந்த். 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தேறியது. 2024 டிசம்பரில் சென்னை இளைஞர் குகேஷ் தம் பதினெட்டாம் வயதிலேயே சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றார். இவற்றையெல்லாம் கேட்டு வளரும் பிள்ளைகளைப் பெற்றோர் பயிற்சிக் கூடங்களில் சேர்ப்பது இயல்பே. நம் பேரனும் ஏழாம் வயதில் அவ்வாறு சேர்க்கப்பட்டான். கலை அவனுக்கு நன்றாகவே கைவந்தது. ஆனால் நாளடைவில், புள்ளி ஏறிற்றா, இறங்கிற்றா என்பதே வீட்டில் பேச்சாயிற்று. தோற்ற பிள்ளைகளைப் பிறர் முன் நிறுத்திக் கடிந்துகொள்ளும் வழக்கமும் பயிற்சிக் கூடத்தில் இருந்ததாம். பதினோராம் வயதில் ஒருநாள் பலகையையும் காய்களையும் துணியில் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டான். பெற்றோர் நயந்தும் பயந்தும் சொல்லிப் பார்த்தும் பயனில்லை.

அவனைத் திரும்ப விளையாடும்படி நாம் கேட்கவில்லை. "எனக்குக் கற்றுக் கொடுப்பாயா?" என்று மட்டுமே கேட்டோம். சற்று நேரம் நம் முகத்தையே பார்த்தான். "தோற்றால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே, தாத்தா?" என்றான். வாக்குக் கொடுத்தோம். பரண்மேல் இருந்த மூட்டை இறங்கி வந்தது.

காய்களின் பெயர்களைக் கற்பதிலேயே நமக்கு ஒரு சுவை கிட்டியது. நாம் மந்திரி என்று அழைக்கும் காயை ஆங்கிலேயர் ஆயர் என்கின்றனர். பிரெஞ்சுக்காரரோ கோமாளி என்கின்றனர். ஆயரும் கோமாளியும் ஒரே கட்டத்தில் நிற்பதைக் கேட்டு நம் பங்குத் தந்தை வாய்விட்டுச் சிரித்தார். வெள்ளைக்கு முதல் நகர்த்தலுக்கு 20 வழிகள், கறுப்புக்கும் 20. எனவே ஆளுக்கு ஒருமுறை நகர்த்தியவுடனேயே 400 விதமான நிலைகள் அமையக்கூடும். இத்துணை பெரிய கடலில் முதியவர் ஒருவர் நீந்தப் புகுவது எங்ஙனம்?

முதல் ஆறு மாதங்களில் ஓர் ஆட்டத்திலும் நமக்கு வெற்றி கிட்டவில்லை. ஆயினும் புதிதாகக் கற்பவர் தோற்பது ஆழ்ந்த சூழ்ச்சிகளால் அன்று என்பது விரைவில் விளங்கிற்று. காவலற்று நிற்கும் காயை எதிராளி எடுத்துக்கொள்கிறார், அவ்வளவே. "கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள், தாத்தா" என்பதே நம் ஆசிரியரின் முதற்பாடம். கையை விடுவிக்கும் முன் மூன்று வினாக்கள் கேட்க வேண்டும். எதிராளியின் இந்த நகர்த்தல் எதைக் குறிவைக்கிறது? அடுத்து அவர் 'செக்' வைக்கவோ காயை வெட்டவோ இயலுமா? நாம் வைக்கப்போகும் கட்டத்தில் நம் காய்க்குக் காவல் உண்டா? இம்மூன்றையும் தவறாமல் கேட்பவர், நூல் எதையும் புரட்டாமலேயே பாதித் தோல்விகளைத் தவிர்க்கலாம்.

அடுத்து, தொடக்க நகர்த்தல்களை நெட்டுருப் போடுவதை விடுத்து, ஆட்டத்தை முடிவிலிருந்து கற்றோம். பலகையில் இரு ராஜாக்களும் ஒரே ஒரு சிப்பாயும் மட்டும் எஞ்சியிருப்பதாகக் கொள்க. ராஜாக்கள் இருவரும் இடையில் ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நிற்கின்றனர். அப்போது நகர வேண்டிய முறை யாருடையதோ அவரே வழிவிட வேண்டியவர் ஆகிறார். நகர்வதே வலிமை என்று எண்ணியிருந்த நமக்கு, நகராமல் நிற்பதும் வலிமையாகும் இடம் உண்டு என்பது புதுமையாக இருந்தது. அந்த ஒரு நிலையை மட்டும் ஒரு வாரம் முழுவதும் வைத்து ஆடினோம். சிப்பாய் எட்டாம் வரிசையை அடைந்து ராணியாக உயரும்போது உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

நாள்தோறும் காலைச் செபத்திற்குப் பின் கால்மணி நேரம் புதிர்கள். குதிரை ஒன்று ராஜாவையும் யானையையும் ஒருங்கே தாக்குவது, மந்திரியின் பாதையில் சிக்கிய காய் நகர இயலாது தவிப்பது போன்றவை இவற்றில் திரும்பத் திரும்ப வரும். பலகையின் நடுவில் நிற்கும் குதிரைக்கு எட்டுக் கட்டங்கள் எட்டும். மூலையில் நிற்பதற்கோ இரண்டே. இத்தகைய வடிவங்கள் கண்ணுக்குப் பழகப் பழக, தேடாமலே தென்படத் தொடங்குகின்றன. ஐந்து நிமிட ஆட்டங்களை நாம் ஆடுவதில்லை. ஆளுக்கு அரைமணி நேரம் வைத்துக்கொள்வோம். நகர்த்தல்களைக் குறிப்பேட்டில் எழுதி, ஆட்டம் முடிந்ததும் இருவருமாக மீண்டும் ஆடிப் பார்ப்போம். கணினியின் கருத்தைக் கேட்பது அதற்குப் பின்னரே. தாமே எண்ணிப் பாராமல் கணினியைக் கேட்பவர் விடையை அறிவாரேயன்றி வழியை அறியார்.

இனி, புள்ளிக் கணக்கைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஏனெனில் நம் பேரனின் மனத்தை முறித்தது அதுவே. ரேட்டிங் எனப்படும் இந்த முறையை வகுத்தவர், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராய் இருந்த அர்பாத் ஏலோ. உலகச் சதுரங்கச் சம்மேளனம் இதனை 1970இல் ஏற்றது. எதிராளியினும் 200 புள்ளிகள் மிக்கவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 75 அளவு பெறுவார். சமமானவர் ஐம்பது பெறுவார். இதிலிருந்து விளைவது யாது? ஒருவர் தேர்ச்சி பெறப்பெற, அவருக்கு நிகரான எதிராளிகளும் வலியவர் ஆகின்றனர். தொடக்க நிலையில் நிகரானவரோடு பாதி தோற்றவர், எத்துணை உயர்ந்தாலும் நிகரானவரோடு பாதி தோற்கவே செய்வார். எனவே வெற்றியில் மட்டும் மகிழ்ச்சியை வைத்தவனுக்குத் தேர்ச்சியால் மகிழ்ச்சி கூடுவதில்லை. கூடுவது அவன் காண்பவை மட்டுமே. நேற்றுக் காணாத அழகை இன்று காண்கிறான். எதிராளியின் நல்ல நகர்த்தலையும் நல்லதென்று உணர்கிறான். ஊதியம் அதுதான் என்று கொள்பவனுக்குத் தோற்ற ஆட்டமும் வீணாவதில்லை.

இதனைப் பேரனிடம் காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினோம். நெடுநேரம் பேசாதிருந்தான். பின், "அப்படியென்றால் பாதி தோற்பது சரிதானா, தாத்தா?" என்று கேட்டான். பதினோரு வயதுப் பிள்ளையிடம் அதுவரை யாரும் அதைச் சொல்லவில்லை என்பது நம் நெஞ்சைச் சுட்டது.

அன்றிலிருந்து நம் குறிப்பேட்டில் வெற்றி தோல்வியை எழுதுவதில்லை. ஒவ்வோர் ஆட்டத்தின் கீழும் 'இன்று கண்டது' என்று ஒரு வரி எழுதுகிறோம். களைத்த வேளையிலும் மனம் கலங்கிய வேளையிலும் பலகையை விரிப்பதில்லை. எதிராளி நன்கு ஆடினால் அப்போதே பாராட்டிவிடுகிறோம்.

திருச்சபைக்கும் இவ்விளையாட்டிற்கும் பழைய உறவு உண்டு. 11ஆம் நூற்றாண்டில் புனித பேதுரு தமியானார், சதுரங்கம் ஆடிய புளோரன்ஸ் ஆயரைக் கடிந்து, சங்கீதங்களை மும்முறை ஓதவும், பன்னிரு ஏழைகளின் பாதங்களைக் கழுவி அவர்க்குப் பொருள் வழங்கவும் தவமுயற்சி விதித்தார். 1561இல் இவ்விளையாட்டைப் பற்றிப் புகழ்பெற்ற நூலை எழுதிய ரூய் லோப்பஸோ ஸ்பானியக் குருவானவர். அவர் பெயரால் வழங்கும் தொடக்க நகர்த்தலை இன்றும் வல்லவர்கள் ஆடுகின்றனர். அவர் காலத்தவரே அவிலாவின் புனித தெரேசம்மாள். 1970இல், பெண்களுள் முதலாவதாக மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்ட இப்புனிதை, தம் சகோதரிகளுக்காகச் செபத்தைப் பற்றி எழுதிய நூலில் சதுரங்கத்தை உவமை கூறுகிறார். காய்களை அடுக்கத் தெரியாதவர் நன்றாக ஆட இயலாது. இந்த ஆட்டத்தில் ராணியே வலியவள். விண்ணக அரசரைச் சரணடையச் செய்யும் ராணி தாழ்ச்சி என்பது அவர் கருத்து. ஆயரைக் கடிந்த புனிதரும், உவமை கண்ட புனிதையும் நமக்குத் துணை. கடமையை விழுங்கும் விளையாட்டு கடிந்துகொள்ளத் தக்கது. தாழ்ச்சியைக் கற்பிக்கும் விளையாட்டு கைக்கொள்ளத் தக்கது.

எட்டாம் மாதத்தில் நமக்கு முதல் வெற்றி கிட்டியது. ராஜாவைச் சாய்த்துவிட்டு நம் கையைப் பற்றிக் குலுக்கினான் பேரன். தான் எந்த இடத்தில் தடுமாறினான் என்பதைத் தானே எடுத்துக் காட்டவும் செய்தான். அந்த முகத்தில் பழைய அச்சம் இல்லை. இப்போது ஞாயிறுதோறும் மறைக்கல்வி முடிந்தபின் பங்கு மண்டபத்தில் சிறுவர் சிலருக்குக் கற்றுத் தருகிறான். மீண்டும் போட்டிகளுக்குச் செல்வானா என்று உறவினர் கேட்கின்றனர். அதனை அவன் விருப்பத்திற்கே விட்டுவிட அவன் பெற்றோரும் ஒருவாறு இசைந்துள்ளனர்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை கற்பது பாட்டாயினும், ஓட்டமாயினும், சதுரங்கமாயினும், அதனை நீங்களும் ஒரு மாதம் கற்றுப் பாருங்கள். பிள்ளையே ஆசிரியராக இருக்கட்டும். ஒரு சிறு தேர்ச்சிக்கு எத்துணை தோல்விகள் வேண்டியிருக்கின்றன என்பதை உங்கள் கைகள் உணர்ந்துகொள்ளும். அதன்பின் பிள்ளை தோற்று வீடு திரும்பும் நாளில் நீங்கள் பேசும் முதற்சொல்லே வேறாக இருக்கும். வயது முதிர்ந்தோருக்கோ நாம் கூறுவது இன்னும் சுருக்கமானது. வீட்டில் ஒரு பலகையும், எதிரே அமர ஒருவரும் இருந்தால், இன்று மாலையே தொடங்கலாம்.