சோறு குழைந்தது செல்வியால் அல்ல

அன்புள்ள ராசுவுக்கு,

அக்கா எழுதுவது. நீ அனுப்பிய அரை மூட்டை அரிசி போன வாரமே வந்துவிட்டது. முதல் நாள் உலையிலேயே கஞ்சியாகிப் போனது. மறுநாள் தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் பிசுபிசுவென்று ஒட்டியது. அப்புறம்தான் போனில் நீ செல்வியை ஏசியது நினைவுக்கு வந்தது. கல்யாணமாகி இருபது வருஷமாகியும் சோறு வடிக்கத் தெரியவில்லை என்றாயே! அடே, அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் உன் அறுவடையில்.

புரட்டாசிக் கடைசியில் குறுவை சாய்ந்தபோதே அறுத்துவிடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். மிஷின் வாடகை இறங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாய். ஒரு வாரம் மழை. கதிர் தண்ணீரில் கிடந்தது. "ஒன்றிரண்டுதான் முளைத்திருக்கு அக்கா" என்றாய். முளை கண்ணுக்குத் தெரிவதற்குள் உள்ளே பாதி வேலை முடிந்துவிடும், ராசு. நெல் ஈரம் குடித்ததும் கரு விழித்து ஜிப்ரெலின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. தவிட்டை ஒட்டிய மெல்லிய அடுக்கு அந்தச் சேதி கிடைத்ததும் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. மாவுச்சத்து நீளநீளமான சங்கிலி. அதைத் துண்டு துண்டாக நறுக்கிச் சர்க்கரையாக்கிக் குருத்துக்கு ஊட்டுவதுதான் அந்த நொதியின் பிழைப்பு. நெல்லுக்கு அது பிள்ளைக்குப் பாலூட்டுகிற மாதிரி. நமக்கோ சோறு போச்சு. அறுபட்ட மாவு உலையில் கெட்டிப்படாது. வடிகஞ்சி நீர்த்துப் போகும், சோறு ஒட்டும், லேசாக இனிக்கும். சோறு தித்திக்கிறது என்று செல்வி சொன்னதற்கு நீ சிரித்தாயாமே? அவள் நாக்கு நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் கருவிக்குச் சளைத்ததில்லை.

அந்த ஹார்மோன் பிடிபட்டதே நெல்லில்தான். நாற்றங்காலில் சில நாற்று மட்டும் ஒல்லியாக, நெடுநெடுவென்று வளர்ந்து செத்துப்போகும், பார்த்திருப்பாய். ஒரு பூஞ்சணத்தின் கசிவுதான் அப்படி இழுத்துவிடுகிறது என்று தைவானில் வேலை பார்த்த குரோசாவா என்ற ஜப்பானியர் 1926-ல் காட்டினார். ஜிப்ரெலின் என்ற பெயர் அப்புறம் வந்தது.

நொதியையே திட்டிவிடாதே. நீ பால் மறந்த காலத்தில் அம்மா கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் கூழ் காய்ச்சினாள். மாவு எவ்வளவு போட்டாலும் கூழ் இறுகாது, நீயும் மூச்சுவிடாமல் குடிப்பாய். அங்கே வேலை செய்ததும் இதே ஆள்தான்.

கோடை நெல்லைப் பற்றியும் கேட்டிருந்தாய். அரிசி நடுவில் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளை, மில்லில் குருணை ஏராளம் என்றாய். அது மழை செய்த வேலை இல்லை, வெயில். பால் பிடிக்கிற நாளில் சூடு ஏறினால் மாவு கட்டும் வேலை தளர்ந்துவிடும். அதே சமயம் மாவைக் கரைக்கிற இந்த நொதி தலைதூக்கும். ஒரு பக்கம் கொத்தனார் சுவர் வைக்க, மறுபக்கம் ஒருவன் இடித்துக்கொண்டிருந்தால் வீடு எப்படி நிற்கும்? மாவுத் துகள்கள் இறுகாமல் நடுவே காற்று தங்கிவிடுகிறது. அந்த இடம்தான் வெள்ளையாகத் தெரிகிறது, தீட்டும்போது அங்கேதான் உடைகிறது. ஜப்பானியர் ரகங்களில் சராசரி 26, 27 டிகிரியைத் தாண்டினாலே வெள்ளை கூடிவிடும். நம் சித்திரையை நினைத்துப் பார்! ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த நொதியின் மரபணுக்களை அடக்கி வளர்த்த நெல்லில், சூட்டிலும் வெள்ளை குறைந்தது. 2012-ல் கட்டுரை எழுதினார்கள். அது ஆய்வக நெல். உனக்கு நான் சொல்வது, பால் பிடிப்பது உச்சி வெயிலில் விழாதபடி நடவை முன்னே தள்ளு.

மழையில் நனைந்த குறுவையில் மிச்ச நெல்லைப் புழுக்கிவிடலாமா என்றாய். புழுக்கு. ஆவியில் நொதி செத்துவிடும், விரிசலும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அறுந்த சங்கிலி அறுந்ததுதான். சர்க்கரை ஏறியிருப்பதால் நிறமும் கொஞ்சம் பழுக்கும். அதைக் கஞ்சிக்கும் கூழுக்கும் வைத்துக்கொள். விதைக்கு ஒரு மரக்கால்கூட எடுக்காதே, என் மேல் ஆணை.

சம்பாவையாவது பார்த்துச் செய். கதிரில் ஐந்துக்கு நாலு பங்கு மணி பழுத்ததும் மிஷினுக்குச் சொல்லிவிடு. கொள்முதலுக்கு ஈரம் 17 சதவீதம் போதும் என்று வீட்டு நெல்லையும் அப்படியே கட்டி வைக்காதே. 14-க்குக் கீழே இறங்கும்வரை காயட்டும். ஈர நெல்லை ஓர் இரவுகூடக் குவியலாகப் போடாதே. வாடகையில் மிச்சம் பிடித்தது எவ்வளவு, மூட்டைக்கு விலையில் விட்டது எவ்வளவு என்று நீயே உட்கார்ந்து கணக்குப் போடு. நான் போட்டால் உனக்குக் கோபம் வரும்.

செல்வியிடம் என்ன சொன்னாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. அவளிடமும் கேட்டுக்கொள்வேன்.

அன்புடன்,
அக்கா