கடலைக் கொல்லை நடுவே ஒரு வீடு

பிளெயின்ஸ், ஜார்ஜியா

அன்புள்ள தோழி,

அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் வளர்ந்த பண்ணையை இன்று பார்த்தேன். பிளெயின்ஸ் எழுநூறு பேர்கூட இல்லாத ஊர். அங்கிருந்து சுமார் 4 கிலோமீட்டரில் ஆர்ச்சரி. நம் பண்ருட்டிப் பக்கம் போலவே செம்மண், கடலைக் கொல்லை.

1928-இல், ஜிம்மிக்கு 4 வயதில், குடும்பம் இங்கே குடிவந்தது. கரண்ட் கிடையாது. 1935-இல் காற்றாலை போட்ட பிறகுதான் குழாயில் தண்ணீர். சின்னப் பையனாக அவரே கடலையைப் பிடுங்கி, அலசி, உப்புத் தண்ணீரில் அவித்து, பொட்டலம் 5 சென்ட் என்று பிளெயின்ஸ் தெருவில் விற்றிருக்கிறார். பருத்தியில் வண்டு விழுந்தால் கரும்புப் பாகில் ஆர்சனிக் கலந்து செடிசெடியாகத் தடவ வேண்டும். ஈ மொய்க்கும், பாகு காய்ந்து கால்சட்டை விறைத்துவிடும். அந்த வேலையை அவர் அடியோடு வெறுத்தார்.

நான் அதிக நேரம் நின்றது ஜாக், ரேச்சல் கிளார்க் தம்பதியின் சிறு வீட்டில். பண்ணையில் வேலை பார்த்த கறுப்பினத்தவர்கள். பெற்றோர் வெளியூர் போனால் ஜிம்மி படுத்துறங்கியது இங்கேதான். ரேச்சல்தான் மீன்பிடிக்கக் கூட்டிப்போவார். கூட விளையாடியவர்களும் கறுப்பினப் பிள்ளைகளே. ஆனால் பள்ளிக்கூடம் வேறு, தேவாலயம் வேறு, ரயிலில் உட்காரும் இடம் வேறு.

1938 ஜூனில் கறுப்பின வீரர் ஜோ லூயிஸ், ஜெர்மானியர் ஷ்மெலிங்கோடு குத்துச்சண்டை போட்டார். அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்கள் கேட்கட்டும் என்று ஜிம்மியின் அப்பா ரேடியோவை ஜன்னலில் வைத்தார். முதல் சுற்றிலேயே லூயிஸ் ஜெயித்துவிட்டார். முற்றத்தில் சத்தமே இல்லை. நன்றி சொல்லிவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டித் தங்கள் வீட்டுக்குள் போன பிறகுதான் ஆரவாரம் கிளம்பியதாம். வெள்ளைக்காரர் முற்றத்தில் சந்தோஷப்படக்கூட அவர்களால் முடியவில்லை.

ஜிம்மிக்கு 14 வயது வாக்கில் இன்னொன்று நடந்தது. மேய்ச்சல் நிலத்துப் படலைத் திறந்த கறுப்பினத் தோழர்கள் இருவர், அவர் முதலில் போகட்டும் என்று ஒதுங்கி நின்றார்கள். ஏதோ விளையாட்டு வம்பு என்றே அவர் நினைத்தார். பெற்றோர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்று பின்னால்தான் புரிந்தது.

இரண்டையும் மறைக்காமல் தன் பால்யக் கதையில் எழுதியிருக்கிறார். 2001-இல் வந்த 'ஆன் அவர் பிஃபோர் டேலைட்'. அதிபர்கள் எழுதியவற்றில் நான் மிகவும் மதிக்கும் புத்தகம். உனக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன்.

உன் ஊர் நினைவுகளை எழுதப்போவதாகச் சொன்னாயே, அவசியம் எழுது. உங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வரை மட்டுமே வந்து நின்றவர்களையும் அதில் எழுது.

அன்புடன்,
உன் தோழி