கொளவாய் ஏரி தாண்டி...

செங்கல்பட்டு தாண்டியதும் ரயிலை ஒட்டியே வருகிறது கொளவாய் ஏரி. போன தடவை இதைப் பார்த்த ஞாபகமே இல்லை. தூத்துக்குடியில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினதிலிருந்து மடியில் புத்தகம்தான்!

சென்னைக்கு எதுக்குங்கறீங்களா? அமெரிக்காவில் நர்ஸாக உரிமம் வாங்க எழுதும் என்கிளெக்ஸ் தேர்வு. 150 கேள்வி வரை வரலாம்; எனக்கு 85-லேயே கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. ‘சீக்கிரம் நின்னா பாஸ்டி!’ என்றாள் தோழி. நம்பி, பாண்டி பஜாரில் சுடிதார் வேற எடுத்தேன். தேறமாட்டோம்னு உறுதியானாலும் அது சீக்கிரமே நிற்கும்ங்கறது அப்புறம்தான் உறைத்தது.

மறுபடி எழுத 45 நாள் காத்திருக்கணும். எதில் பலவீனம் என்று ஒரு ரிப்போர்ட் வரும். எனக்கு மருந்துகள் பரவாயில்லை. ‘நாலு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பாய்?’ ரகத்தில்தான் பலத்த அடி. வார்டில் அதை இன்சார்ஜ் சிஸ்டர் சொல்வார், நான் ஓடுவேன். அவ்வளவுதானே பழக்கம்!

இந்த முறை அவர் சொல்லும் முன்பே மனசுக்குள் முடிவெடுத்துப் பார்த்தேன். பாதி நாள் தப்பு. வலியில் கத்துகிறவரிடமே மனசு ஓடும். ஓரத்தில் சத்தமில்லாமல் மூச்சு வாங்குகிறவர்தான் முதல்.

புத்தகம் பைக்குள்ளேயே கிடக்கிறது. ஏரி மேல் வெயில் ஏறுகிறது. இறங்கினதும் நாலு இட்லி சாப்பிடணும். தேர்வு அஞ்சு மணி நேரமாச்சே!